இடது கரை

வால்டிவியாவில் ஆறாவது நாளாக மழை.
அலுவலக ஹீட்டர்மேல் என் காலுறைகள் காய்கின்றன.
எரிமலைப் பேரிடர்த் தொண்டர்களுக்கான
இணையப் பாடம், நான்காம் அலகு,
திருத்திய பதிப்பு. நாளை வெளியீடு.

முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.
சோதித்துச் சொல்லும்படி
எலிசேயோ ஹுவென்சுமானுக்கு அனுப்பினேன்.
அவருக்குத் திரை என்பது ஒரு குரல்,
நாம் பேசுவதைவிட மூன்று மடங்கு வேகமானது.

முதல் பதில் ஒரே சொல்:
"எங்கே?"

காணொளியில் பேராசிரியர் சொல்லியிருந்தார்:
இதோ, இது இப்படி இறங்கி
இங்கே திரும்பி அங்கே போய் நிற்கும்.
எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்,
பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.
கண்ணை மூடி இன்னொரு முறை ஓட்டினேன்.
இது. இப்படி. இங்கே. அங்கே.
எல்லாம் சுட்டுச் சொற்கள்.
சுட்டிய விரல் ஒலியில் பதிவாகவில்லை.

தானியங்கி வசனவரியில் வேறு கதை.
எங்கள் ஸ்பானிஷில் சாம்பலுக்கும் பீருக்கும்
ஓசையில் கொஞ்சம்தான் தூரம்,
முனகிப் பேசுகிறவர் வாயில் அதுவும் இல்லை.
"ஊரின்மேல் பதினோரு நாள் பீர் பொழிந்தது."
சிரித்துவிட்டேன்.
பிறகுதான் நினைவு வந்தது,
காது கேளாத எர்மிண்டா கரிலாவ்
போன பருவத்தில் இதைப் படித்துத்தான் தேர்வெழுதினாள்.
அந்தக் கேள்விக்குச் சுழியம் போட்டவள் நான்.

இரவு பத்து. வரைபடத்துக்கு வந்தேன்.
அதற்கான விவரிப்பு இருக்கவேண்டிய இடத்தில்
"வரைபடம்_இறுதி_3".
யாரோ சோம்பேறி செய்தது.
தேதியைப் பார்த்தேன், அந்த யாரோவும் நான்தான்.

அழித்துவிட்டு எழுதினேன்:
வடக்குச் சரிவில் தொடங்கும் சேற்று வெள்ளம்
பழைய மர ஆலையைத் தாண்டி
தொங்குபாலத்துக்குக் கீழே இரண்டாகப் பிரியும்.
இடது கரையில் ஒன்பது தெருக்கள் சிவப்பு.

"இடது யாருக்கு?
ஆறு போகும் பக்கம் பார்த்து நிற்பவனுக்கா,
மலையைப் பார்த்து நிற்பவனுக்கா?
சிவப்பு என்றால் ஓடவேண்டுமா, காத்திருக்கவேண்டுமா?
தெருக்களுக்குப் பெயர் கிடையாதா?"

படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
ஏழாவது, லோஸ் நோத்ரோஸ்.

அரைமணி நேரம் பதிலே இல்லை.
பிறகு தொலைபேசி.
அதுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை.
தாழ்ந்த குரல், பின்னால் ஒரு கெட்டில் கூவுகிறது.

"லோஸ் நோத்ரோஸில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன்.
இந்தப் படம் நகராட்சிச் சுவரில் தொங்குகிறதாம்.
வரி கட்டப் போகும்போதெல்லாம்
என் மனைவி அதன் கீழேதான் வரிசையில் நிற்கிறாள்.
நல்ல சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று
ஒருமுறை சொன்னாள்."

மன்னிப்புக் கேட்டேனா, நினைவில்லை.
கெட்டிலை யாரோ இறக்கி வைத்தார்கள்.

"பாலத்திலிருந்து மேட்டுப் பள்ளிக்கூடம் வரை
எத்தனை தப்படி?"

படத்தில் அது இல்லை என்றேன்.

"சரி. மழை விட்டதும் நடந்து, எண்ணிச் சொல்கிறேன்.
அதையும் எழுதுங்கள்."

வெளியீட்டு அட்டவணையில்
'நாளை' என்பதை அழித்தேன்.
மழை இன்னும் விடவில்லை.