கைதட்டக் கூடாத ஊர்

கொயிம்ப்ராவில் நள்ளிரவுப் பாட்டுக்குக்
கைதட்டக் கூடாது.
பிடித்திருந்தால் இருமலாம்.
தொண்டையைச் செருமி ஒரு இருமல்,
எங்கள் ஊரின் பாராட்டு அவ்வளவுதான்.

இருபத்து மூன்று வயதில் அது நடிப்பு.
இன்று நாற்பதாம் ஆண்டுக் கூடுகை.
பழைய தேவாலயப் படிக்கட்டில்
பத்தொன்பது மருத்துவர்கள் உட்கார்ந்திருக்கிறோம்,
பாதிப் பேருக்கு முழங்கால் மாற்றியாகிவிட்டது.
இனி யார் இருமினாலும்
ரசனையா சளியா
எங்களுக்கே தெரியாது.

கறுப்பு அங்கியைத் துவைக்கக் கூடாது, அதுவும் சட்டம்.
பத்து வருடம் நின்றுபோன வழக்கத்தை
மறுபடி தொடங்கியவர்கள் நாங்கள்;
பாதிச் சட்டம் கேள்விப்பட்டது,
மீதியை ஒயின் சொல்லிக் கொடுத்தது.
விளிம்பைப் பல்லால் கடித்துத்தான் கிழிக்க வேண்டும்:
இடப்பக்கம் வீட்டார்,
வலப்பக்கம் நண்பர்கள்,
நட்டநடுவே, முதுகுக்கு நேர் கீழே,
ஒரே ஒருவர்.
அந்த ஒருவர் இல்லையென்று ஆகிவிட்டால்
துறையின் நிறத்து நூலால் தைத்துவிட வேண்டும்.
எங்களுக்கு மஞ்சள்.

என் நடுவில் மஞ்சள் இரண்டு முறை ஓடியிருக்கிறது.
முதல் தையல் நான் போட்டது, கோணல்.
இரண்டாவது அடெரீத்து போட்டது.
கிழித்தவனும் அவனே.
அப்போதே அறுவைக்குப் பிறந்த கை,
தழும்பே தெரியாது.

லியோனில்ட் பிப்ரவரியில் போய்விட்டாள்.
அவள் அங்கி மட்டும் பொட்டலமாக வந்திருந்தது.
மகன் எழுதிய துண்டுச்சீட்டு:
‘அம்மா பீரோவில் இருந்தது.
இதைப் படிக்க உங்களுக்குத்தான் தெரியும்.’

மடியிலிருந்து மடிக்கு அது போனது.
தெருவிளக்கு வெளிச்சம் போதவில்லை,
விரலால் தடவித் தேடினோம்.
வலப்பக்கம் ஏழு.
இரண்டாவது என்னுடையது,
உடைந்த முன்பல்லின் பிசிர் இன்னும் இருக்கிறது.
ஐந்தாவது யாருடையது என்று சண்டைகூட வந்தது,
‘அன்றைக்கு நீ ஊரிலேயே இல்லை’ என்று
கிராசியெத் கத்தினாள்.

பிறகு நடுவில் ஒன்று.
என் கையளவு நீளம்.
தைக்கப்படாமல்.

அவள் கணவர் போர்த்தோக்காரர், பாலம் கட்டுபவர்.
இந்த அங்கியைப் பார்த்தாரா என்பதே சந்தேகம்.
படித்த காலத்தில் அவளுக்கு யாருமில்லை என்று
எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வோம்,
நான்கு வருடம் ஒரே அறையில் தூங்கிய நான்
முதல் ஆளாக.

‘யார்?’ என்றாள் ஜூல்மீரா.

மேலே மணிக்கூண்டில்
நாங்கள் ஆடு என்று திட்டும் மணி
பன்னிரண்டு கத்தி ஓய்ந்தது.
கித்தார்க்காரப் பையன்கள்
இன்னும் நரம்பை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பெல்மீரு இருமினான்.

நுரையீரல் நிபுணன்.
முப்பத்தெட்டு வருடம்
ஊரார் நெஞ்சில் காது வைத்தவன்.
ஒரு சிகரெட் தொட்டதில்லை.
எங்கள் எல்லோர் நடுக்கிழிசலுக்கும்
கேலிப்பாட்டுக் கட்டியவன்.
மறுபடி இருமினான்,
அடக்கப் பார்த்து,
முழங்கையை வாயில் கொடுத்து,
கண் தளும்ப.

யாரும் முதுகைத் தட்டவில்லை.
தண்ணீர் நீட்டவில்லை.
அடெரீத்து மெல்லச் செருமினான்.
அடுத்து நான்.
கிராசியெத்.
அப்புறம் படிக்கட்டு முழுவதும்
ஓங்கி, விடாமல்.

பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்,
இன்னும் ஒன்றும் பாடவில்லையே என்று.