முளை

பூட்டுக்குள் துரு.
கைப்பையிலிருந்த வாஸ்லினை விரலால் அப்பி
மூன்றாம் திருகலில்தான் கதவு வழிவிட்டது.

ஜனவரி இரண்டு. மெரபேங்க்.
புத்தாண்டு இங்கே
கோடையின் நடுவயிற்றில் பிறக்கிறது.
குளிர் தின்று தீர்த்த தோட்டத்துக்குத் திரும்புகிறவர்கள்
கொடுத்துவைத்தவர்கள்,
வெறும் மண் காத்திருக்கும் அவர்களுக்கு.
எனக்குக் காத்திருந்தது
இடுப்புயரப் பச்சை.

ஏழு மாதம் ஏன் வரவில்லை?
முதல் வாரம் முதுகுவலி.
இரண்டாம் வாரம் இரவு ஷிப்ட்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆள் குறைவு.
மூன்றாம் வாரம்
இரண்டு வாரம் போகாததன் வெட்கம்.
அதன் பிறகு
வெட்கம் ஒன்றே போதுமாயிருந்தது.

கத்திரி இரண்டு குச்சியாய் நின்றது.
பூசணியைத் தின்ற குரங்குகள்
விதையை எங்கெங்கோ பேண்டு வைத்ததில்
வேலி, தண்ணீர்த் தொட்டி, உடைந்த தள்ளுவண்டி
எல்லாவற்றின் மேலும் கொடி.
காய் ஒன்றுகூட இல்லை.
காகித ஆலைப் பக்கத்துக் காற்றில்
முட்டைக்கோஸ் அவியும் வாசம்.
முட்டைக்கோஸ் நட்டிருந்தால்
வாசமாவது என்னுடையது என்றிருக்கலாம்.

கோரையை இழுத்தேன்.
கோரை வந்தது, கிழங்கு வரவில்லை.
அது உள்ளே இருந்தபடி
அடுத்த வாரத்துக்குத் தேதி குறித்துக்கொண்டது.
சுவரில் இரண்டு ஹடேடாக்கள்
வாடகை கேட்பவர்கள்போல் கத்திவிட்டுப் பறந்தன.

பிறகுதான் பார்த்தேன்,
முளை நகர்ந்திருந்தது.

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
நான் அடித்த இரும்பு முளை
ஓர் ஆள் படுக்கும் அகலம்
என் பக்கம் வந்து நின்றது.
அந்த அகலத்தில் இரண்டு வரிசைச் சேம்பு.
களை இல்லை.
இலைதோறும் நேற்றைய மழை
ஒட்டாமல் உருண்டபடி.

சண்டைக்குத் தேவையான ஜூலு வார்த்தைகள்
நாலு தெரியும் எனக்கு.
நாலையும் வாயில் அடுக்கிக்கொண்டு போனேன்.
பதினெட்டின் புசிசிவே நிமிர்ந்தாள்,
மண்வெட்டியை நழுவவிட்டாள்.

"நீ சாகவில்லையா?"

ஆகஸ்ட் கூட்டத்தில்
கமிட்டிக் குபேந்திரன் படித்த தாளில்
மொகம்பரி என்று ஒரு பெயர் இருந்திருக்கிறது.
அவள் ஹேவன்சைட் மொகம்பரி.
யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.
மாலைக்கு ஆளுக்கு இருபது ராண்ட்.
கொடுத்திருக்கிறாள்.
மறு ஞாயிறு என் தொட்டியருகே நின்று
ஒரு பாட்டும் பாடியிருக்கிறாள்.

என்ன பாட்டு என்றேன்.
"உயிரோடிருப்பவர்களுக்கு அதைப் பாடக்கூடாது.
இருபது ராண்டைக் கொடு."

ஜனவரியில் யாரிடம் இருக்கிறது இருபது ராண்ட்!
டிசம்பர் சம்பளம் பதினைந்தாம் தேதியே வந்து
கிறிஸ்துமஸுக்கு முன் கரைந்துவிட்டது.
பையனின் பள்ளிக் காலணி
இன்னும் கடைக் கண்ணாடிக்குள் இருக்கிறது.
அடுக்கிவைத்த நாலு வார்த்தைகளில்
ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

வெயில் ஏறும்வரை பேரம்.
ஏப்ரலில் கிழங்கு தோண்டும்வரை
முளை அங்கேயே நிற்கட்டும்.
கடன் தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம்.
அவளுக்கு அது மடும்பி, எனக்குச் சேம்பு.
ஒரு வாளி எனக்கு என்றேன்.
அரை வாளி என்றாள்.
செத்தவளுக்கு அதுவே அதிகம்.

மதியம் வரை வெட்டினேன்.
ஒரு பாய் விரிக்கும் அளவு மண் தெரிந்தது,
கறுப்பாய், எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத மாதிரி.
போன வருடக் கொத்தமல்லி ஒன்று
யாரும் விதைக்காமல் அதில் முளை விட்டிருந்தது.
மிதித்துவிட்டேன், பார்க்கவில்லை.

பஸ்ஸில்
காலுறை நிறைய பிளாக்ஜாக் விதைகள்.
இரண்டிரண்டு பல்லோடு நூலைக் கடித்திருந்தன.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
எங்கே போடுவது என்று தெரியாமல்
உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டேன்.
எப்படிப் போனதென்று தெரியவில்லை,
பக்கத்து இருக்கையில் தூங்குகிறவர் சட்டையில்
அதற்குள் மூன்று.