படகு – கடன்

லாஸ்பேட்டையில் இரண்டாவது மாடி.
திரையில் இரண்டிரண்டாகச் சொற்கள் வரும்.
ஒன்றுக்கொன்று எவ்வளவு உறவு,
பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள்
ஓர் எண் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கடல் – உப்பு. ஒன்பது.
குதிரை – நாற்காலி. ஒன்று போட்டேன்.
பூஜ்ஜியம் போட மனம் வரவில்லை,
இரண்டுக்கும் நாலு கால்.

படகு – கடன்.
பூஜ்ஜியம் தட்டிவிட்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.
அமலோற்பவம் பத்து போட்டிருக்கிறாள்,
தேங்காய்த்திட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்.

வித்தியாசம் ஐந்தைத் தாண்டினால்
பேசிப் பாருங்கள் என்பது விதி.
பேசினோம்.
இன்ஜின், டீசல், அண்ணன் போட்ட ஜாமீன் கையெழுத்து.
தடைக்காலம் அறுபத்தொரு நாளும்
கட்டிக்கிடந்தது படகு,
வட்டிக்குத் தடைக்காலம் இல்லை
என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் பத்தாக மாற்றப் போனேன்.
மவுஸைப் பிடித்துக்கொண்டாள்.
"உனக்குத் தெரியலன்னா தெரியாமலே இருக்கட்டும்,
அதுவும் ஒரு அளவுதானே."

கோப்பில் இப்போது ஐந்து என்றிருக்கிறது,
எங்களில் யாருமே சொல்லாத எண்.

லட்சம் செய்திகளைப் படித்த இயந்திரத்தையும் கேட்டோம்.
அதன் கணக்கில் படகுக்கு அருகே
சவாரி, சுற்றுலா, டிக்கெட், ஞாயிறு.
கடன் எங்கோ தொலைவில்
வீட்டோடும் காரோடும்
மாதத் தவணையில் நின்றது.
அந்தக் கோணத்தை அமலோற்பவம்
சற்று நேரம் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது:
வலை – ஜன்னல்.
கேட்டுக்கொள்ளாமலே இருவரும் எட்டு போட்டோம்.
லாஸ்பேட்டையிலும் தேங்காய்த்திட்டிலும்
ஒரே கொசு.