பிடித்திருந்த நேரம்

மூன்றாவது சுற்று முடிந்தது.
கையுறைகளைக் கழற்றியாயிற்று.
என் வலக்கையில் தேசிங்கு,
இடக்கையில் குருசுக்குப்பம் அந்துவான்.
ஐந்து பேர் சீட்டையும் வாங்கிக் கூட்டி,
தொண்டையைச் செருமி
"இந்த ஆண்டுக்கான" என்றான் மைக்செட் பாவாடை.
கரண்ட் போயிற்று.

மஞ்சக்குப்பம் மைதானம் மொத்தமும் 'ஓ' என்றது.
பிறகு சிப்காட் வாடை மட்டும்.
ஜெனரேட்டர்க்காரன் டீ குடிக்கப் போயிருக்கிறானாம்.
கைகளை விட்டுவிடலாமா?
விதிப்புத்தகத்தில் இருட்டைப் பற்றி ஒன்றுமில்லை.
பிடித்துக்கொண்டே நின்றேன்.

பகலெல்லாம் ஐஸ் கம்பெனியில் பார் தள்ளுகிறவன் நான்.
என் விரல்களுக்குச் சூடு தெரிய நேரமாகும்.
முதலில் தெரிந்தது பையனின் நாடி.
இருபத்திரண்டு வயது.
ஓடிவந்த நாய் நிழலில் படுப்பதுபோல்
அடங்கிக்கொண்டே வந்தது.
தேசிங்கினுடையது அடங்கவில்லை.
நிறுத்திய பிறகும் படகு இன்ஜின்
நாலு சுற்றுச் சுற்றுமே, அப்படி.
இன்ஜின் மெக்கானிக்தான் அவன்,
அவனுக்கே கேட்டிருக்கும்.

ஒன்பது வருஷமாகப் பட்டம் அவன் வீட்டில்.
அதில் ஆறு முறை இந்தக் கையைத் தூக்கியவன் நான்.
முதல் முறை அதுவாக எழுந்தது,
நான் கூடப் போனேன்.
சான்றிதழில் முப்பத்தாறு.
ஒன்றாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன்.
எனக்கு முப்பத்தொன்பது.

எடை இறக்க
தேவனாம்பட்டினம் மணலில்,
பங்குனி வெயிலில், ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஓடினான்.
"ரெண்டு நாளா தண்ணிகூட வாய் கொப்பளிச்சுத் துப்பறதுதான்"
ஐஸ் வாங்க வந்த கனகவல்லி சொன்னாள்.
"ஜெயிச்சா அடுத்த வருஷமும் இதே கூத்து."
தோற்கட்டும் என்று சொல்லவில்லை.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டுக்
கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் சுற்று அவனுடையது,
யாரும் மறுக்க முடியாது.
அந்த இடதுகை இன்னும் கேட்காமல்தான் நுழைகிறது.
இரண்டாவதில் பையன் விலாவைக் கண்டுபிடித்தான்.
மூன்றாவதில் தேசிங்கு கட்டிப் பிடித்தான்.
பிரேக் என்றேன். விலகினான்.
மறுபடி கட்டினான். பிரேக்.
நாலு தடவை.
ஐந்தாவது தடவை
அவன் தாடை பையனின் தோளில் கிடந்தது.
கண் என்னைப் பார்த்தது.
கெஞ்சவில்லை, பார்த்தது, அவ்வளவுதான்.
பிரேக் என்கிற சொல்
என் வாயிலேயே
இரண்டு மூச்சு நேரம் நின்றது.

இருட்டில் இப்போது வலப்பக்கம் கனக்கிறது.
சாய்கிறான்.
"கை ஜில்லுனு இருக்குடா. விட்டுடாத."
வீங்கிய விரல் முட்டிகளைத் திருப்பி
என் உள்ளங்கைக்குள் வைக்கிறான்.

இடப்பக்கமிருந்து, மரியாதையாக:
"அண்ணே, அந்த அஞ்சாவது தடவை
கொஞ்சம் லேட்டா சொன்னீங்க."
நான் வாயைத் திறக்கவில்லை.
முதுநகர்ப் பக்கம் ரயில் ஒன்று ஊதி முடிக்கும்வரை
அவனும் பேசவில்லை.
"பரவால்ல" என்றான் பிறகு.
"நானும்தான் தள்ளல."

வெளிச்சம் வந்தது.
பாவாடை விட்ட இடத்திலிருந்து தொடராமல்
தலைவர், செயலாளர், பந்தல் நன்கொடை என்று
முதலிலிருந்து ஆரம்பித்தான்.
மூன்றுக்கு இரண்டு.
சிவப்பு மூலை.

தூக்கினேன்.
தோள் மட்டத்தில் நின்றுவிட்டது கை.
ஐம்பது கிலோ பாரைத் தள்ளத்தான் முடியும் ஒருவனால்,
தூக்க இன்னொரு ஆள் வேண்டும்.
பையனை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது
அவன் மெல்ல உருவிக்கொண்டபோதுதான் தெரிந்தது.
சுற்றி வந்தான்.
தேசிங்கின் முழங்கைக்கு அடியில் கொடுத்து
ஒரு நெம்பு.

விசில், பட்டாசு, ஃபோட்டோ.
மூன்றாவது வரிசையில்
கனகவல்லி குனிந்து
நாற்காலிக்கடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.