லார்ச் இல்லாத சரிவு

ஒன்பது வருடம் ஃப்ரீசருக்குப் பின்னால்
சுவரைப் பார்த்து நின்றது.
டயர் இரண்டும் வெடித்திருந்தன.
புதுசு மாட்டினேன்.
செயினுக்கு எண்ணெய் கொஞ்சம் அதிகம்தான்.

டவி ஆற்றுக்கு மேலே அதே ஏற்றம்.
முதல் வளைவிலேயே இறங்கித் தள்ளினேன்.
பேட்டரி சைக்கிளில் தாண்டிப்போன பையன்
‘ஒன்றுமில்லையே?’ என்றான்.
மூச்சு இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

உச்சியில் லார்ச் மரங்கள் இல்லை.
நோய் விழுந்து மொத்தமாக வெட்டிவிட்டார்கள் என்று
எலுனெட் கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தாள்,
பாதிதான் வாசித்திருந்தேன்.
இருட்டாக மட்டுமே எனக்குப் பழகிய பாதை
கூச்சமில்லாமல் வெயிலில் கிடக்கிறது,
கடல்வரை தெரிகிறது.

இறங்கினேன். பிரேக்கில் இரண்டு விரல்.
மூன்றாவது திருப்பத்தில்
கை தானாக முன்சக்கரத்தைத் தூக்கியது
அந்த வேருக்காக,
என் காறை எலும்பை முறித்த வேர்.
அதுவும் இல்லை.
ஒன்றுமில்லாததைத் தாண்டிக் குதித்துச்
சேற்றில் விழுந்தேன், நிமிர்ந்தபடியே,
சக்கரம் இரண்டும் தரையில்.

ஸ்லேட் சில்லுகள் அடியில் கலகலத்தன.
ஓர் ஆடு மெல்லுவதை நிறுத்தவில்லை.

அடிவாரத்தில் கேட்டைச் சாத்தினேன்.
பல்லிடுக்கில் மண்.
தொடை வெடவெடக்கிறது.
மணி இன்னும் மூன்று ஆகவில்லை.
கேட்டைத் திறந்தேன்.