வெறும் வயிற்றில் ஒன்று

பதினாறாம் கட்டில். ஏசுபாதம், எழுபத்தாறு.
துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர்.
கல்மண்டபம் ஜவுளிக்கடைப் பையைக் கவிழ்த்தால்
மாத்திரை அட்டைகளோடு
காய்ந்த நெத்திலித் தலை ஒன்றும் விழுகிறது.

"இது எதுக்குங்க?"
"கேஸுக்கு. காலைல, வெறும் வயித்துல."
முட்டிவலி மாத்திரை புண்ணாக்கிடும்னு
துணைக்குக் கொடுத்ததாம்.
முட்டி மாத்திரை நின்று ஒன்பது வருடம்.
துணை நிற்கவில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டுகளைப் புரட்டுகிறேன்.
நாலு கையெழுத்து, ஒரே வரி.
அலட்சியம் என்று சொல்ல முடியாது,
எல்லோரும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்,
முந்தைய சீட்டைப் பார்த்து.

ரத்த வாந்தி? இல்லை.
ஆஸ்பிரின்? இல்லை.
டாக்டரும் தலையசைத்துவிட்டார்.
"நிறுத்திடலாங்களா?"

ஜன்னலையே பார்க்கிறார். தூரத்தில் கிரேன்.
"கப்பலு போயி ஒம்போது வருசம்,
கவுறு மட்டும் கட்டிக் கெடக்குதுன்ற."
சிரிக்கவில்லை.
"எரிஞ்சா இன்னா பண்றது?"
"எரியும். ரெண்டு வாரம். அப்புறம் அடங்கிடும்."

மூன்றாம் ராத்திரி எரிந்தது.
சிஸ்டர் அமலோற்பவம்
ரோஸ் மருந்து ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தாராம்.
இவர் அட்டையைக் கேட்டு
குப்பைக்கூடை வரைக்கும் போயிருக்கிறார்.

காலையில் போனேன்.
விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.
"மூணு போச்சும்மா. இன்னும் பதினொண்ணு."
மடியில் தூக்குச்சட்டி திறந்திருந்தது.
வஞ்சிரம்.
நான் பார்த்ததைப் பார்த்து
மூடியைப் பாதி மூடினார்.