நாலு எண்

குந்தா பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது லாரி.
மண் சரிந்த இடத்தில்
ஜேசிபி ஒரு ஆள் நடக்குமளவு வழித்துவிட்டுப் போயிருந்தது.
வண்டி மேலே வராது, நீங்களே இறங்கி வாங்க என்று
மஞ்சூர் ஏஜென்சியிலிருந்து காலையில் சொல்லியனுப்பினார்கள்.

இறங்கினோம்.
சும்மாட்டின் மேல் காலி சிலிண்டரோடு நான்,
தோள் மாற்றித் தோள் மாற்றி யோகராணி,
கடைசி வீட்டு மாதேவன் பைக்கில் கட்டித்
தள்ளிக்கொண்டு.
காலிக்கும் கனம் உண்டு.
பதினைந்து கிலோ இரும்பு.

இனி நாற்பத்தைந்து நாளைக்கு ஒன்றுதான்.
வரிசையில் முன்னால் நின்றவள் திரும்பிச் சொன்னாள்,
பின்னால் இருந்தவர்களுக்கு நான் சொன்னேன்.

"நம்பர் சொல்லுங்க."
புத்தக நம்பர், கார்டு நம்பர், ஆதார் நம்பர்
எல்லாம் உள்ளங்கையில் எழுதிப் போயிருந்தேன்,
மழையில் பாதி அழிந்திருந்தது.
அவன் கேட்டது அவை எதுவுமில்லை.
போனுக்கு வந்திருக்கும் நாலு எண்.

கனெக்ஷன் எடுத்த வருஷம்
எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன், அவருடையது.
அது இப்போது திருப்பூரில்
சாயப்பட்டறை வாட்ச்மேன் அலமாரியில்
மற்ற போன்களோடு படுத்திருக்கிறது.
ஷிப்ட் முடிய இரவு எட்டு.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை.
ஸ்வெட்டர் நனைந்து உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.
"நம்பர் போடாம குடுத்தா
என் சம்பளத்துல பிடிச்சிருவாங்கக்கா."
மூன்று மணி வரை நின்றேன்.
சீல் பிரிக்காத என் சிலிண்டர்
லாரியின் பின்பக்கம் ஆடி ஆடி
வளைவில் மறைந்தது.

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கேட்டேன்.
கார்டைத் திருப்பிப் பார்த்து,
நீங்க சிலிண்டர்காரங்க என்றார்.
தலையில் இருந்ததை இறக்கி
அவர் மேஜையருகே வைத்தேன்.
டங் என்றது.
அவரும் கேட்டார். சட்டம் சட்டம்தான்.

மிலாறு பொறுக்கலாம் என்றால்
எங்கள் டிவிஷனில் கவாத்து முடிந்து ஒரு வருஷம்.
சோலைப் பக்கம் போனால் கார்டு அரிவாளைப் பிடுங்கிக்கொள்வான்.
ஃபேக்டரிக் கொட்டகையில் மட்டும்
இரண்டாள் உயரத்துக்குக் கற்பூர விறகு,
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு இருக்கிறது.
தேயிலை ஈரமாக இருக்கக் கூடாது.

அரிசியைக் கழுவி, குக்கரோடு
யோகராணி வீட்டுக் கதவைத் தட்டினேன்.
"ரெண்டு விசில்தான்" என்றாள்.
மூன்றாவது வந்தபோது
பிள்ளைக்கு மூக்கு துடைத்துக்கொண்டிருந்தாள்,
நிதானமாக.

எட்டு இருபதுக்குத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றேன்.
அங்கேதான் ஒரு கோடு சிக்னல்.

"ஆறு, சைபர், நாலு, நாலு. எழுதிக்கிட்டியா?"
"எழுதிக்கிட்டேன்."
லாரி போய்விட்டதைச் சொல்லவில்லை.

"இங்க வெக்கை தாங்கல.
பாய்லருக்கு இன்னைக்கு நம்ம மலை விறகு.
மண் சரியறதுக்கு முன்னாடியே கெத்தை வழியா இறங்கிட்டானாம்.
கற்பூர மரம். உள்ள தள்ளுறப்ப
நம்ம வீட்டு வாசலில் நிக்கிற மாதிரி மணந்துச்சு."

"எத்தனை லோடு?"
"மூணு."

காற்று போனுக்குள் புகுந்து இரைந்தது.
"கொஞ்சம் வெக்கையைக் கட்டி
பஸ்ஸில் போட்டுவிடுங்க" என்றேன்.
ரொம்ப நேரம் சிரித்தார்.
கோடு போய்விட்டது.

ஆறு, சைபர், நாலு, நாலு.
படி இறங்கும்போது வாய் தானாகச் சொன்னது.
யோகராணி என் குக்கரைப்
பழைய பாவாடையில் சுற்றி வாசலில் வைத்திருந்தாள்.
மூடி இன்னும் சுட்டது.
உடனே தூக்கவில்லை.
இரண்டு கையையும் அதன் மேல் வைத்து
கொஞ்ச நேரம் குத்தவைத்திருந்தேன்.